“எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க!” - அப்பத்தாவின் 9 மாத்திரைகள் 4 ஆன கதை

என் அப்பத்தாவுக்கு 74 வயது. சிவகங்கைப் பக்கம் கிராமம். போன வருடம் ஒரு விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர், கதவைப் பிடிப்பதற்குள் கண் இருட்டிக் கீழே சரிந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். எலும்பு எதுவும் முறியவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

“வயசாச்சுல்ல, தலை சுத்தத்தான் செய்யும்” என்றார்கள் சொந்தக்காரர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டாவது நாள், வெள்ளைக் கோட் போட்ட ஓர் இளம்பெண் கையில் ஃபைலோடு வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க டாக்டரா தாயி?”

“இல்ல பாட்டி, நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். நீங்க வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“மெடிக்கல் ஷாப்பா? எனக்குப் பேரெல்லாம் தெரியாதுத்தா. பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு, காலு வீக்கத்துக்கு ஒண்ணு...”

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. தினமும் போடுறது, எப்பவாவது போடுறது, பாதியில விட்டது, நாட்டு மருந்து, எதையும் விடாதீங்க.”

மாலை சித்தப்பா ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். கட்டிலில் கொட்டினால், தினமும் உள்ளே போவது மட்டும் 9 வகை.

அடுத்த அரை மணி நேரத்தில் அந்தப் பெண் எங்களுக்குக் காட்டியதுதான், இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

ஊரில் ஒரு டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு எழுதிய மாத்திரையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருந்தன: டெல்மிசார்டன், ஆம்லோடிபின். மதுரையில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்த இன்னொரு டாக்டர், தனியாக ஆம்லோடிபின் எழுதியிருந்தார். கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. ஆகவே அப்பத்தா இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் 5 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 10 மில்லிகிராம்.

ஆம்லோடிபினின் தெரிந்த பக்கவிளைவுகளில் ஒன்று, கணுக்கால் வீக்கம். அளவு கூடினால் வீக்கத்துக்கான வாய்ப்பும் கூடும். அப்பத்தாவுக்குக் கால் வீங்கியது. மூன்றாவதாக ஒரு டாக்டரிடம் போனார்கள். இரண்டு பிரஷர் மாத்திரை விவகாரம் அவருக்கு எப்படித் தெரியும்? வீக்கத்துக்கு, சிறுநீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடு எழுதினார். நம் ஊரில் ‘நீர் மாத்திரை’ என்பார்களே, அதுதான். நீர் போனது. கூடவே உப்பும் போனது. படுத்திருந்து எழுந்தால் ரத்த அழுத்தம் சரசரவென இறங்கியது. பாத்ரூம் வாசலில் அப்பத்தா விழுந்தார்.

மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது, பிறகு அதன் பக்கவிளைவுக்கு மற்றொன்று. இந்தச் சங்கிலிக்கு மருத்துவத்தில் ‘பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்’ என்று பெயர். இதற்கு அடிக்கடி சொல்லப்படும் இன்னோர் உதாரணம்: எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அது தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பத்தா பையில் இன்னும் சில இருந்தன. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய அசிக்ளோஃபெனாக்-பாரசிட்டமால் கூட்டு மாத்திரை. உடம்பு வலிக்குத் தனியாகப் பாரசிட்டமால் 650. அந்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க, வருடக்கணக்கில் ஒரு ‘கேஸ் மாத்திரை’. காலையில் தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே வாய்த் தண்ணீரில். கூடவே சுகர் மாத்திரை.

“டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை. இந்த மூணும் ஒண்ணாச் சேர்ந்தா கிட்னிக்கு ஆபத்து. வயசானவங்களுக்கு இன்னும் அதிகம்” என்றார் அந்தப் பார்மசிஸ்ட். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகளே. மூன்றும் சேரும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் அழுத்தம் மூன்று பக்கமிருந்தும் குறைகிறது. மருத்துவ உலகில் இதை ‘டிரிபிள் வாமி’ என்கிறார்கள்.

அவர் எந்த மாத்திரையையும் தன்னிச்சையாக நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் பார்த்த பிறகு, டாக்டர் ஒவ்வொன்றாக முடிவெடுத்தார். இரண்டாவது ஆம்லோடிபின் நின்றது. கால் வீக்கம் வடிந்தது. நீர் மாத்திரை நின்றது. வலி மாத்திரைக்குப் பதில் முட்டிக்குப் பிசியோதெரபி. வலி மாத்திரை போனதால் கேஸ் மாத்திரையும் தேவைப்படவில்லை. பிரஷர், சுகர், தைராய்டு, கால்சியம். ஒன்பது, நாலானது. வலி தாங்காத நாளுக்கு மட்டும் பாரசிட்டமால்.

யார் மேல் தவறு? மூன்று டாக்டர்களும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதினார்கள். மூன்று சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை.

யார் இந்தக் கிளினிக்கல் பார்மசிஸ்ட்?

பார்மசிஸ்ட் என்றாலே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துத் தருபவர் என்பதுதான் நம் மனதில் இருக்கும் படம். அந்தப் படம் அமெரிக்காவில் 1960-களில் மாறத் தொடங்கியது. 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில் ஒரு சோதனை முயற்சி ஆரம்பமானது. கீழ்த்தள மருந்தகத்தில் இருந்த பார்மசிஸ்ட்டுகளை, அறுவை சிகிச்சை நோயாளிகள் இருக்கும் வார்டிலேயே இரவு பகலாகப் பணியில் வைத்தார்கள். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் மூவரும் ஒரே இடத்தில் நின்று பேச ஆரம்பித்தார்கள். கிளினிக்கல் பார்மசியின் வரலாற்றில் அந்த ஒன்பதாவது மாடிக்கு முக்கியமான இடம் உண்டு.

இந்தியாவில் இது தாமதமாகத்தான் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் ஊட்டி, மைசூரு ஜே.எஸ்.எஸ். கல்லூரிகளில் ‘பார்மசி பிராக்டிஸ்’ முதுகலைப் படிப்பு தொடங்கியது. 2008-ல் ‘பார்ம்.டி’ என்ற ஆறு வருடப் படிப்பு அறிமுகமானது. ஐந்து வருடம் பாடமும் வார்டு பயிற்சியும், ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். 2015-ல் வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறைகள், மருந்தைக் கொடுப்பதோடு நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பார்மசிஸ்ட்டின் கடமையாக்கின. 2021-ல் செய்யப்பட்ட திருத்தம், ‘கிளினிக்கல் பார்மசிஸ்ட்’ என்ற பொறுப்பை அந்த விதிகளுக்குள் கொண்டுவந்தது.

இவர்களின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால்: நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளையும் புதிதாக எழுதப்பட்டதையும் ஒப்பிடுவது, ஒன்றோடொன்று மோதும் மருந்துகளைக் கண்டுபிடிப்பது, கிட்னி, கல்லீரல் நிலைக்கு ஏற்ப அளவு சரியா என்று பார்ப்பது, வீட்டுக்குப் போகும்போது எதை, எப்போது, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுப்பது.

ஆனால், இவர்களைப் பெரும்பாலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில்தான் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் அரசு மருந்து விநியோகம் வலுவானது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரி. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. அதை உட்கார்ந்து விளக்க ஒருவர் வருவதுதான் அடுத்த படி.

உலகமே கவலைப்படும் விஷயம்

இது அப்பத்தாவின் பிரச்னை மட்டுமல்ல. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் ‘தீங்கில்லா மருந்துப் பயன்பாடு’ என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்து தொடர்பான தவறுகளால் உலகம் முழுக்க வருடத்துக்கு 42 பில்லியன் டாலர் வீணாகிறது என்று அப்போது மதிப்பிட்டது.

இங்கிலாந்து அரசு 2021-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 65 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவமனையில் சேர்வதில், ஐந்தில் ஒன்று மருந்துகளின் பாதகமான விளைவால் என்றது அது. குடும்ப மருத்துவர்கள் மூலம் தரப்படும் மருந்துகளில் குறைந்தது 10% தேவையே இல்லாதவை என்றும் சொன்னது. அங்கே இப்போது நிறைய மருந்து சாப்பிடுபவர்களைப் பார்மசிஸ்ட் உட்காரவைத்து, ஒவ்வொரு மருந்தாக ‘இது இன்னும் தேவையா?’ என்று பரிசீலிக்கிறார். 2024 ஜனவரி முதல் தொண்டை வலி, சைனஸ், பூச்சிக்கடித் தொற்று உள்ளிட்ட ஏழு பிரச்னைகளுக்கு டாக்டரைப் பார்க்காமல் பார்மசிஸ்ட்டிடமே சிகிச்சை பெறும் திட்டமும் நடக்கிறது.

தேவையில்லாத மருந்தை டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதற்கு ‘டிபிரிஸ்கிரைபிங்’ என்று பெயர். வயதானவர்களுக்கு எந்த மருந்துகளில் கவனம் தேவை என்று சொல்லும் ‘பீர்ஸ்’ பட்டியல் அமெரிக்காவில் 1991-ல் வந்தது. 2023-ல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. சாதாரண சளி மாத்திரைகளில் இருக்கும், தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மருந்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. வயதானவர்களுக்கு அவை குழப்பம், மலச்சிக்கல், தடுமாறி விழுதல் வரை கொண்டுபோகும்.

ஆளுக்கு ஏற்ற மருந்து என்பதும் இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் குளோபிடோக்ரெல், கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். சிலருக்கு மரபணு காரணமாக அந்த நொதி மந்தம். தெற்காசியர்களிடம் இது பரவலாகவே காணப்படுகிறது. அவர்களுக்கு மாத்திரை சரியான பலன் தராமல் போகலாம். எனவே இந்த மருந்து கொடுப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்று 2024-ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது.

சமையலறையில் நடக்கும் மோதல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மருந்து மருந்தோடு மட்டும் மோதுவதில்லை. காபி டம்ளரோடும் மோதும்.

• தைராய்டு மாத்திரை: காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அப்பத்தாவுக்கு இப்போது கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

• இரும்புச்சத்து மாத்திரை: டீ, காபி, பாலோடு சாப்பிட்டால் உடலில் சேர்வது குறையும். கர்ப்பிணிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடலாம்.

• சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின்: இந்த ஆன்டிபயாட்டிக்குகளைப் பால், தயிரோடு சேர்த்து எடுக்கக் கூடாது. கால்சியம் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

• அசினோகூமரால், வார்ஃபரின்: இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுபவை. கீரையில் உள்ள வைட்டமின் கே இவற்றின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே விட வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டுவர வேண்டும். ஐ.என்.ஆர். பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.

• ‘எஸ்.ஆர்.’, ‘இ.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்று முடியும் மாத்திரைகள்: நாள் முழுக்க மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் சிரப்போ வேறு வடிவமோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

• மெத்தோட்ரெக்சேட்: முடக்குவாதத்துக்கு, பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தரப்படும் மாத்திரை. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.

குழந்தைக்கு எத்தனை மில்லி?

குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் பாரசிட்டமால் இருக்கிறது. ஆனால், எந்த பாரசிட்டமால்? சிரப்களில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் ஒரு வகை, 250 மில்லிகிராம் இன்னொரு வகை. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ‘5 மில்லி கொடுங்க’ என்று சிரப்புக்குச் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். பாட்டில் மாறினால் அளவும் மாறும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு என்பதால், மருந்தோடு வரும் மூடி அல்லது சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டோலோ, க்ரோசின், கால்பால் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பாரசிட்டமால்தான். பல சளி மாத்திரைகளிலும் வலி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம். எடை குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

சளி, இருமல் மருந்து விஷயத்தில் கடந்த சில வருடங்களில் நிறைய மாறியிருக்கிறது. குளோர்ஃபெனிரமைன்-ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த, தமிழ்நாட்டில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம், 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகள் தரவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. குழந்தைகளின் பெரும்பாலான இருமல் தானாகவே சரியாகிவிடும்.

இன்சுலின் மூடியின் நிறம் பாருங்கள்

சுகர் உள்ள வீடுகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்து இது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில்கள் ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அடர்த்தியில் கிடைக்கின்றன. 40 யூனிட் இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்.

மாற்றி எடுத்தால்? 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை சடாரென இறங்கி மயக்கம் வரலாம். 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும். ‘ஊசி போட்டும் சுகர் குறையலையே’ என்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டி வாங்குவதே நல்லது.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

மாத்திரை அட்டையில் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். ஆன்டிபயாட்டிக் விழிப்புணர்வுக்காக 2016-ல் இந்தக் கோட்டை வைத்து மத்திய அரசு பிரசாரமே நடத்தியது. அதற்கு முன்பே, 2014 மார்ச்சில் ‘ஹெச்1’ என்ற தனி அட்டவணை அமலுக்கு வந்தது. முக்கியமான ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, சில தூக்க மாத்திரைகள் இதில் உண்டு. இவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயர், டாக்டர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் மெடிக்கல் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் சட்டப்படி நடக்கிறார்.

2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் பேக்கில் க்யூ.ஆர். கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும். 2024 ஆகஸ்ட்டில் 156 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2025 டிசம்பரில் 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிமசுலைடு வலி மாத்திரைகளும் தடை செய்யப்பட்டன. பழைய டப்பாவில் மிச்சமிருக்கும் வலி மாத்திரையை எடுத்துப் போடுவதற்கு முன், ஒருமுறை பெயரைப் பாருங்கள்.

ஒத்துக்கொள்ளவில்லையா? போன் போடுங்கள்

மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பு, வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதன் பிறகு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளிகளே பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். இலவச எண்: 1800-180-3024. நாலு பேர் சொல்லும்போதுதான் அது செய்தியாகிறது. மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபெனமிக் ஆசிட் மாத்திரையால் அரிதாகத் தீவிர அலர்ஜி வரலாம் என்று 2023 நவம்பரில் வந்த எச்சரிக்கைக்கு அடிப்படை, இப்படிச் சேர்ந்த தகவல்கள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் தினமும் ஐந்து மருந்துகளுக்கு மேல் சாப்பிடுபவர் இருந்தால், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. ஃப்ரிட்ஜ், பீரோ, சாமி அலமாரி என எங்கே இருந்தாலும் எல்லா மருந்தையும் ஒரு பையில் சேருங்கள். கண் சொட்டு, இன்ஹேலர், லேகியம், சூரணம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்துத்தான்.

2. காலாவதியானதைத் தனியே எடுத்துவையுங்கள்.

3. ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, நேரம், எதற்காக. பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் வட்டம் போடுங்கள்.

4. எந்த மருந்தால் அலர்ஜி வந்தது என்பதைத் தாளின் மேலேயே சிவப்பில் எழுதுங்கள்.

5. தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதலில் அதைக் காட்டுங்கள்.

டாக்டரிடமும் பார்மசிஸ்ட்டிடமும் கேட்க ஐந்து கேள்விகள்: இது எதற்கு? எப்படி, எப்போது சாப்பிடணும்? ஏற்கெனவே சாப்பிடுறதோட சேருமா? என்ன ஆனா உடனே வரணும்? எப்ப நிறுத்தலாம்?

முக்கியமான ஒன்று. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். சில பிரஷர் மருந்துகள், வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை போன்றவற்றைத் திடீரென விட்டால் பெரிய ஆபத்து. கேள்வி கேட்பது நம் வேலை. முடிவெடுப்பது டாக்டர் வேலை.

அந்தப் பார்மசிஸ்ட் எழுதிக்கொடுத்த தாளை, சித்தப்பா லேமினேட் செய்து தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். பிரஷருக்குச் சூரியன், தைராய்டுக்குக் காபி டம்ளரைப் பெருக்கல் குறி போட்டு அடித்த படம் என்று, எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்காக அவர் வரைந்து கொடுத்த படங்களும் அதில் இருக்கின்றன.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவுக்குச் சளி பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “என் வீட்டுக்காரரு போடுற மாத்திரை, ஒரே நாள்ல கேட்டுரும்” என்று ஓர் அட்டையை நீட்டினார். அப்பத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

“இது என் தாள்ல இருக்கிறதோட ஒத்துப்போகுமானு அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுக் கேளுத்தா. அப்புறம் முழுங்குறேன்.”